செலஸ்டின் வீட்டுக் கிறிஸ்மஸ் குடில்

நாகர்கோவில் ராஜப்பன் சலூனில் செலஸ்டின் வாயைத் திறந்தால் கத்தரிக்கோல் தானாக நின்றுவிடும். கிறிஸ்மஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சின்ன மகள் அபிஷாவுக்கு முடி வெட்ட வந்தவர், அவளை நாற்காலியில் ஏற்றிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்தார்.

"இந்த வருசம் கடைச் சாமான் ஒண்ணும் கிடையாது. இயேசு பாலனுக்குக் குடில் முழுக்க ஓலையும் ஈர்க்கும் புல்லும்தான். நானும் பிள்ளைங்களும் வீட்டுலேயே செய்தோம்."

"உமக்குச் செருப்பு வாரே மாட்டத் தெரியாதே, ஓய்" என்றார் பக்கத்தில் இருந்த பென்சிகர்.

"அதான் விசயம். ஈர்க்குல அஞ்சு மூலை நட்சத்திரம் கட்டப் போனேன். என் கை லட்சணம், பதினேழு மூலை வந்துட்டு. பிள்ளைங்க நண்டுன்னு சிரிச்சுது. உள்ள பல்பு போட்டு மாடியில தொங்கவிட்டேன். முட்டத்துல கடலுக்குப் போன வள்ளம் எல்லாம் அதைக் கலங்கரை விளக்குன்னு நெனச்சு எங்க தெருவுக்கு வந்துட்டு."

"தெருவுல தண்ணி ஏது?"

"முந்தின நாள் மழை பெய்ஞ்சதுல்லா."

ராஜப்பன் சீப்பால் வாயை மறைத்துக்கொண்டார்.

"குடிலுக்குப் புல் வேணும்னு தட்டுல நெல்லு விதைச்சோம். எனக்கு என்ன தெரியும்? மீன் கழுவுன தண்ணிய ஊத்திட்டேன். விடிஞ்சு பாத்தா கதிரு ஃபேன்ல முட்டுது. குடில்ல வச்ச சூசையப்பர் சுரூபத்தைக் காணல. தேடி உள்ள போன நானும் வழி தெரியாம நின்னு கூப்பாடு போட்டேன். அறுப்பு மெசின் வந்துதான் என்னை வெளிய எடுத்துது."

"ஹாலுக்குள்ள அறுப்பு மெசினா?"

"சன்னல் வழியா. கொஞ்சம் சாய்ச்சு."

பென்சிகர் பதில் சொல்வதற்குள் செலஸ்டின் தொடர்ந்தார். "குருத்தோலையில குருவி முடைஞ்சேன். ஒரு றெக்கை பெருசு, ஒண்ணு சிறுசு. அது நேரா பறக்காது, வட்டமடிச்சு என் தலையிலதான் வந்து இருக்கும். நெல்லு பூரா தின்னுட்டு முட்டையும் போட்டுட்டு. ஆம்லெட் போட்டோம். லேசா தேங்காய் வாசம்."

பென்சிகர் எழுந்து நாற்காலி அருகே போனார். "இவர் கிடக்காரு. மக்கா, நீ பொய் சொல்லமாட்ட. ஓலைக்குருவி முட்டை போட்டுதா?"

சாய்ந்திருந்த செலஸ்டின் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடந்தது அவளுக்குத் தெரியும். குடிலைக் கட்டியது அபிஷாவும் அக்காவும்தான். அவர் பசை டப்பாவைத் திறக்கப் போய், இரண்டு கையும் ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை சோபாவில் உட்கார்ந்திருந்தார். காப்பி டம்ளரைக்கூட அவள்தான் வாயில் பிடித்தாள்.

அபிஷா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள்.

"முட்டை போடல, மாமா."

பென்சிகர் தொடையில் தட்டிச் சிரித்தார். செலஸ்டின் தரையில் கிடந்த முடியைப் பார்த்தார்.

"ஆம்லெட்டு போட்டது கடை முட்டை, அப்பாக்கு மறந்துட்டு" என்றாள் அபிஷா. "குருவி குட்டிதான் போட்டுது. ஒண்ணு இப்பமும் கட்டிலுக்கு அடியில பால் குடிச்சிட்டுக் கெடக்கு."