புறவரிசை

ஏரிகளுக்கு அரசர்கள் தங்கள் பெயரைச் சூட்டி மகிழ்ந்த காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். கொற்றவன் பேரேரி என்று ஓர் ஏரி. அதன் கரையைக் காக்கும் குடிகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி. நீர்மட்டம் பார்ப்பது, மதகு திறப்பது, கரையின் நோய் அறிவது, இவைதாம் பாடம். ஆசிரியர் பெயர் உருத்திரனார்.

உருத்திரனாருக்குத் தவறு ஆகாது. ஏரி காப்பவன் தவறினால் ஊரே போய்விடும் அல்லவா? ஆகவே ஒரு வழக்கம் வைத்தார். தவறாக விடை சொன்ன பிள்ளை எல்லோருக்கும் பின்னால், கடைசி வரிசையில், சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அடுத்த பௌர்ணமி வரை அந்தப் பிள்ளையோடு யாரும் பேசக் கூடாது. அதற்குப் புறவரிசை என்று பெயர்.

வழக்கம் பலித்தது. முதல் ஆண்டில் தவறான விடைகள் குறைந்தன. இரண்டாம் ஆண்டில் கேள்விகள் குறைந்தன. மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் அடுத்தவர் தவறுக்கு அன்றி வேறெதற்கும் சிரிப்பதில்லை.

"என் பள்ளியில் ஒரு தவறு கேட்க முடியுமா?" என்று உருத்திரனார் பெருமை பேசுவார். ஆனாலும் சில மாலைகளில், பிள்ளைகள் ஓசையில்லாமல் கலைந்து போவதைப் பார்க்கையில், நெஞ்சில் ஏதோ உறுத்தும். இவர்கள் கற்கிறார்களா, ஒளிந்துகொள்கிறார்களா? அந்தக் கேள்வியை அவர் வளரவிட்டதில்லை.

ஒரு கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஏரி நீர் கரையின் விளிம்பைத் தொட்டது. அரசன் நனைந்துகொண்டே கரைமேல் வந்து நின்றான்.

"ஆசிரியரே, மதகுகளைத் திறந்தால் கதிர் பிடித்த வயல் மூழ்கும். திறக்காவிட்டால் கரை தாங்குமா?"

உருத்திரனார் பிள்ளைகளைக் கரையின் வெளிச்சரிவில் இறக்கிப் பார்த்துவரச் சொன்னார். இறங்கினார்கள், பார்த்தார்கள், ஏறி வந்து வரிசையாக நின்றார்கள்.

"கரை எப்படி?"

"உறுதி, ஐயா!" ஒரே குரல்.

"உங்கள் சொல்லும் அதுதானே?" என்றான் அரசன்.

"அதுதான், அரசே" என்றார் உருத்திரனார். சொன்ன பிறகுதான் வரிசையில் நின்ற மருதி என்ற சிறுமியைக் கவனித்தார். எல்லா வாயும் திறந்தபோது அவள் வாய் மட்டும் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கரையடியில் எந்தக் கசிவு ஆபத்து? தெளிந்த நீர் கசிந்தால் அச்சமில்லை. கலங்கிய நீர் கசிந்தால் கரையின் மண் உள்ளேயிருந்து கரைகிறது என்று பொருள். மருதி மாற்றிச் சொல்லிவிட்டாள். புறவரிசைக்குப் போனவள் திரும்பி வந்தபின்னும் பேசவில்லை.

"மருதி, என்ன பார்த்தாய்?"

"ஒண்ணுமில்லை, ஐயா."

"அரசர் முன்னால் நிற்கிறாய். மறைக்காதே, சொல்!" குரலை உயர்த்தினார்.

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. பள்ளியில் முதல் வரிசையில் உட்காரும் அழிசி என்ற பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "சுவர் வாய் திறந்தாத்தான் இவளும் திறப்பா" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு உருத்திரனாரைச் சுட்டது. யார் பழக்கிய சிரிப்பு அது? காலடியில் ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. நேரமில்லை.

அவர் வரிசையின் கடைசிக்கு நடந்தார். எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"அரசே, இறங்கிப் பார்க்காமலே உறுதி என்றேன். என் தவறு. புறவரிசை இன்று எனக்கு."

அவர் மெதுவாக, மூன்றாம் முறை கேட்டார்:

"தாயே, எனக்குச் சரியான விடை வேண்டாம். உன் கண் பார்த்ததைச் சொல். பிசகாக இருந்தால் சேர்ந்தே நிற்போம்."

மருதி கரைமேல் நின்ற பனையைக் கை காட்டினாள்.

"கலங்கலா வருது, ஐயா. பனைக்கு நேர் கீழே. கை வச்சுப் பார்த்தேன், மண்ணு நெறநெறங்குது. நான் மறுபடியும் மாத்திச் சொல்றேனோ என்னமோ..."

"இல்லை, தாயே. மாற்றவில்லை."

அரசன் கையை உயர்த்தினான். மதகுகள் திறந்தன. ஆட்கள் வைக்கோலும் மணலும் கல்லுமாகக் கசிவின் மேல் கொட்டினார்கள். கொட்டியதை நீர் தள்ளியது. மறுபடி கொட்டினார்கள், மறுபடி தள்ளியது. பொழுது சாயும் வேளையில்தான் கசிவின் வாய் அடைபட்டது. வயலில் பாதி போயிற்று, ஊர் நின்றது.

உருத்திரனார் சேறு வழியப் பிள்ளைகளிடம் வந்தார்.

"வேறு யாராவது அதைப் பார்த்தீர்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒருநாளும் விடை தவறாத அழிசி கையைத் தூக்கினான்.

"நானும் பார்த்தேன், ஐயா."

"நானும்." "நானும், ஐயா." ஒவ்வொரு கையாக எழுந்து, வரிசை முழுதும் எழுந்தது.

உருத்திரனார் அழிசியின் பக்கம் திரும்பினார். "பிறகு ஏனப்பா சொல்லவில்லை?"

அழிசி அழுதுகொண்டே சொன்னான்: "எல்லாரும் உறுதின்னாங்க. நான் மட்டும் வேற சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா, அப்புறம் என்கூட யாரு பேசுவா?"

தவறிப் பேச இடமில்லாத பள்ளியில், சரியான சொல்லும் ஊமையாகிவிடும்.