பூவாயி ஏற்றிய மூட்டைகள்

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. ஐப்பசி மழையில் அது கரை தளும்ப நிறையும். நிறைந்த மறுவாரம் அங்கே தோணிப் போட்டி நடக்கும். ஏரியின் நடுவில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. துறையிலிருந்து புறப்பட்டு, அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு துறைக்கே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் போட்டி.

முதலில் வரும் தோணிக்குப் பரிசு எதுவும் கிடையாது. கடைசியில் வரும் தோணிக்குத்தான் ஒரு வேலை உண்டு. அன்றைய விருந்தில் அவர்கள் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாற வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருந்தால் சாப்பிடலாம்.

நீர்நாய்களுக்கு ஒரு தோணி, குரங்குகளுக்கு ஒரு தோணி, நரிகளுக்கு ஒரு தோணி என்று வெகுகாலமாக மூன்று தோணிகளே ஓடின. பாறைக்கரையில் வாழ்ந்த சின்னப் பிராணிகளுக்குத் தோணி கிடையாது. அந்த வருஷம் அவை காற்றில் விழுந்த இலவமரம் ஒன்றைக் குடைந்து தோணி செய்துவிட்டன. செய்யலாம் என்று முதலில் சொன்னவள் பூவாயி.

பூவாயி ஒரு முள்ளம்பன்றி. பெயரில் மட்டும்தான் பூ. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் ஏரியில் முழங்கால் நனைய இறங்கியதில்லை. போட்டியில் சேர்த்துக்கொள்ளும்படி யானையிடம் கேட்கப் போன அன்று, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பதினோரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

யானைதான் போட்டிக்கு நடுவர். அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "உங்க தோணி ஒரே ஒரு தடவை, யார் உதவியும் இல்லாம, மரத்தைச் சுத்தித் திரும்பி வரட்டும். வந்தா துறையில தோணி கட்ட உங்களுக்கும் ஒரு முளை அடிச்சுத் தர்றேன். வருஷா வருஷம் ஓட்டுங்க. நடுவுல முழுகிட்டா, அதோட இந்த ஆசையை விட்டுரணும். பச்சைப்பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க, வருஷா வருஷம் உங்களைத் தண்ணியிலிருந்து தூக்கிப் போட என்னால ஆகாது."

"சரிங்க. மரத்தை எந்தப் பக்கமா சுத்தணும்?"

"எந்தப் பக்கமானாலும் சுத்தலாம்."

"வலப்பக்கமா சுத்தினா தப்பில்லையே?"

யானை காதை ஒரு தடவை ஆட்டியது. "தப்பில்ல, பூவாயி. போய் வேலையைப் பாரு."

தோணியில் ஐந்து பேருக்கு இடம் இருந்தது. முன்னால் கீரி. அதற்கு எதிலும் அவசரம். அடுத்து இரண்டு முயல்கள். அவற்றுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அடுத்து உடும்பு. அது பிடித்ததை விடாது. கடைசியில், திசை பிடிக்கும் துடுப்போடு பூவாயி. அவள் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் உட்காருகிறவர் மூக்கில் முள் குத்தும் என்பதால் அந்த இடம் தானாகவே அவளுக்கு அமைந்தது.

அவர்கள் துடுப்புப் போட்டுப் பழகுவதைப் புதருக்குள்ளிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் சாமிக்கண்ணு. நரிகளின் தோணிக்கு அவன்தான் தலைவன். மூன்று வருஷமாக அந்தத் தோணி கடைசியில்தான் வந்தது. மூன்று வருஷமாக அவன் குரங்குகளுக்குக் கூட்டு வைத்துக் கொடுத்தான். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அவை வேண்டுமென்றே கேட்கும்.

புதிய தோணி வருகிறது என்றதும் அவனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அது தண்ணீரில் சருகு மாதிரி லேசாக விரைவதைப் பார்த்ததும், இந்த வருஷமும் நாம்தான் பரிமாற வேண்டுமோ என்று பயம் வந்தது.

மறுநாள் காலையில் அவன் பாறைக்கரைக்கு வந்தான்.

"என்ன தங்கச்சி, நல்லா ஓட்டறீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாதி வழியில துடுப்பு முறிஞ்சா என்ன செய்வீங்க?"

பூவாயி யோசித்தாள். துடுப்பு முறியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முறியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"முறியலாம்தான், அண்ணே," என்றாள். அன்றே ஐந்து துடுப்புகள் கூடுதலாகச் செதுக்கித் தோணியில் வைத்தாள்.

அடுத்த நாளும் அவன் வந்தான். "காத்து அடிச்சுத் தோணியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா?"

போகலாம்தான். பூவாயி ஒரு பாறைத் துண்டைக் கயிற்றில் கட்டி நங்கூரமாக வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள்: "தோணியில விரிசல் விட்டா?"

விடலாம்தான். ஒரு கூடை களிமண் ஏறியது.

"நடுவுல பசிச்சா?"

பசிக்கலாம்தான். அவித்த கிழங்கு அடைத்த சுரைக்குடுக்கைகள் ஆறு ஏறின.

கீரி வந்து பார்த்தது. "அக்கா, இந்தப் பானையில என்ன?"

"குடிக்கத் தண்ணி."

"ஏரியில தண்ணிக்கு என்ன பஞ்சம்?"

"துடுப்புப் போட்டு ஏரி கலங்கிட்டா? கலங்கின தண்ணியைக் குடிச்சு யாருக்காவது வயித்து வலி வந்துட்டா?"

முயல்கள் இரண்டும் தரையில் உருண்டு சிரித்தன. பூவாயியும் கொஞ்சம் சிரித்தாள். பானையை மட்டும் இறக்கவில்லை.

சாமிக்கண்ணு அத்தனை நாளில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான்.

போட்டி நாள் வந்தது. கரையெங்கும் கூட்டம். மயில்கள் மரக்கிளைகளில் இடம் பிடித்துக்கொண்டன. மான்கள் குட்டிகளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றன. பாறைக்கரைத் தோணி துறைக்கு வந்தபோது குரங்குகள் எட்டிப் பார்த்தன.

"என்னடா இது, போட்டிக்கு வந்தீங்களா, குடி போறீங்களா?"

"அம்மிக்கல்லை விட்டுட்டு வந்துட்டீங்களே," என்றது இன்னொரு குரங்கு.

தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. பூவாயி அதைப் பார்த்தாள். சாமிக்கண்ணுவும் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

யானை பிளிறியது. நான்கு தோணிகளும் கிளம்பின.

நீர்நாய்கள் கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் போய்விட்டன. குரங்குகள் அவற்றின் பின்னால். நரிகள் மூன்றாவதாக, அவசரமில்லாமல். பாறைக்கரைத் தோணி எருமை மாதிரி அசைந்து அசைந்து வந்தது. கால் நீட்ட இடமில்லாமல் முயல்கள் பானையின் மேல் முழங்காலை வைத்துத் துடுப்புப் போட்டன. கீரிக்குப் பின்னால் களிமண் கூடை. ஒவ்வொரு தடவை துடுப்பை இழுக்கும்போதும் அதன் முழங்கை கூடையில் இடித்தது.

"அக்கா, வேகமாப் போலாம் அக்கா," என்றது கீரி.

"போய்க்கிட்டுத்தான் இருக்கோம்."

"இது போறதா?"

மருதமரத்துக்குப் பக்கத்தில் வந்தார்கள். அங்கே காற்று கொஞ்சம் கூடுதல். சின்ன அலை ஒன்று வந்து விளிம்பில் மோதியது. ஒரு கை தண்ணீர் உள்ளே விழுந்தது. அடுத்த அலையில் இரண்டு கை விழுந்தது. முயல்களின் சிரிப்பு நின்றது. அவை சிரிப்பை நிறுத்தி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பூவாயியின் முதுகு முள்ளெல்லாம் தானாக விறைத்து நின்றது. முளை கிடைக்காது. இனி எந்த வருஷமும் கிடைக்காது. இத்தனைக்கும் அவள் எல்லா ஆபத்துக்கும் ஏற்பாடு செய்துதான் வந்திருந்தாள். துடுப்பு முறியவில்லை. தோணி விரிசல் விடவில்லை. யாருக்கும் பசிக்கவில்லை. அவையெல்லாம் நடக்கலாம். ஆனால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் நிறுத்துங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தப்பு என்னோடது. பயந்து பயந்து ஏத்திட்டேன். இதெல்லாம் நமக்குத் தேவைப்படுமா, படாதான்னு எனக்கு இப்பவும் தெரியாது. ஆனா முழுகிட்டா எதுவும் தேவைப்படாது. தூக்கி எறிங்க."

"எதை அக்கா?" என்றது கீரி.

"எல்லாத்தையும்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் கீரி காத்திருந்தது. களிமண் கூடையைக் கவிழ்த்தது. முயல்கள் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டின. அது 'குபுக்' என்று ஏரியில் இறங்கியதும் அவற்றுக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. குடுக்கைகள் போயின. கூடுதல் துடுப்புகள் போயின.

நங்கூரம் மட்டும் போகவில்லை. உடும்பு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடு, மாமா," என்றது கீரி.

"கனமா இருக்கு, பிடிச்சுக்கன்னு அக்காதான் சொன்னா. பிடிச்சுட்டேன்."

"நான்தான் சொன்னேன், இப்ப விடச் சொல்றேன்," என்றாள் பூவாயி.

"மனசு விடுது. கை விடமாட்டேங்குது."

முயல்கள் ஒன்றை ஒன்று பார்த்தன. இரண்டும் ஒரே சமயத்தில் உடும்பின் அக்குளில் கையை விட்டன. உடும்பு வாழ்நாளில் முதல் தடவையாகக் கூச்சம் தாங்காமல் நெளிந்தது. கல் தண்ணீரில் விழுந்தது. தோணி ஒரு சாண் மேலே எழும்பியது.

"தங்கச்சி, கல்லைப் போட்டுட்டியே," என்று சற்று முன்னாலிருந்து சாமிக்கண்ணு கூப்பிட்டான். "காத்து அடிச்சா?"

"அடிக்கும்போது பார்த்துக்கறோம், அண்ணே," என்றாள் பூவாயி.

இதற்குள் நரித் தோணியில் வேறு ஒரு கூத்து நடந்தது. எறிந்த குடுக்கைகள் ஆறும் அலையில் மிதந்து நரிகளின் பக்கமாகப் போயின. சாமிக்கண்ணுவின் மச்சான்கள் மூவரும் மூக்கைத் தூக்கினார்கள்.

"மச்சான், கிழங்கு."

"சும்மா துடுப்பைப் போடுங்கடா."

"சும்மா வருது மச்சான், எடுத்து வெச்சுக்குவோம்."

சும்மா வருகிறது என்று கேட்டதும் சாமிக்கண்ணுவின் மூக்கும் தூக்கிக்கொண்டது. ஒரு குடுக்கையை எடுத்தார்கள். பிறகு ஆறையும் எடுத்தார்கள். "துடுப்பும் மிதக்குது, நல்ல மரம்," என்றான் ஒரு மச்சான். ஐந்து துடுப்புகளையும் எடுத்தார்கள். எடுத்ததை எங்கே வைப்பது, யார் காலடியில் வைப்பது என்று சண்டை வந்தது. பெரிய கிழங்கு யாருக்கு என்பதில் இன்னொரு சண்டை வந்தது. வாயில் கிழங்கும் கையில் குடுக்கையுமாக இருந்தவர்கள் துடுப்பை எந்தக் கையால் போடுவார்கள்?

பாறைக்கரைத் தோணி மருதமரத்தை வலப்பக்கமாகவே சுற்றியது. சுற்றி முடித்ததும் கீரி தன் அவசரம் முழுவதையும் துடுப்பில் காட்டியது. முயல்கள் சிரித்துக்கொண்டே இழுத்தன. அவற்றின் சிரிப்புக்குச் சரியாக உடும்பும் துடுப்புப் போட்டது. பிடித்த துடுப்பை அது விடுவதாக இல்லை. காற்று கொஞ்சம் தள்ளத்தான் செய்தது. பூவாயி துடுப்பை அந்தப் பக்கம் சாய்த்தாள். தோணி நேரானது. இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நரித் தோணியைத் தாண்டும்போது சாமிக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய் நிறையக் கிழங்கு இருந்தது.

நீர்நாய்கள் முதலில் வந்தன. குரங்குகள் அடுத்து வந்தன. மூன்றாவதாகப் பாறைக்கரைத் தோணி துறையில் மோதியது. தோணி நிற்கும் முன்பே கீரி குதித்துத் தண்ணீரில் விழுந்தது. கரையே ஆரவாரித்தது. முன்னால் நின்ற மான்குட்டிகள் ஏரிக்குள் இறங்கி, தோணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

யானை ஒரு வைரம் பாய்ந்த கட்டையைத் தும்பிக்கையில் எடுத்து வந்தது. துறையில் மூன்று முளைகளுக்குப் பக்கத்தில் அதை நட்டு, காலால் மூன்று மிதி மிதித்தது. நான்காவது முளை அசையாமல் நின்றது.

"கட்டுங்க உங்க தோணியை," என்றது.

அந்தப் பக்கம் நரிகள் இலை போட ஆரம்பித்துவிட்டன. "கூட்டு இன்னும் கொஞ்சம், சாமிக்கண்ணு," என்று குரங்குகள் கூப்பிட்டன. "வர்றேன், வர்றேன். எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே ஓடினான்.

பூவாயி தோணிக் கயிற்றை முளையில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொரு முடிச்சுக்குக் கை போனது. கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது. கையை உதறிக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தாள்.

நீதி: வரக்கூடும் என்று அஞ்சும் ஆபத்துகளுக்கெல்லாம் சுமை ஏற்றிக்கொண்டே போனால், அந்தச் சுமையே ஆபத்தாகிவிடும்.