பாதிக் கஞ்சி

"பொய் சொல்றாங்க அம்மா. ஆனா என்னால அதை நிரூபிக்க முடியல" என்றார் கொற்றன்.

போர் முடிந்து, பிடிபட்ட எதிரி வீரர்களை மலைக்கோட்டையில் அடைத்திருந்தார்கள். அங்கே அவர்களைப் போட்டு அடித்துத் துவைக்கிறார்கள் என்று மாடு மேய்ப்பவர்கள் வரை பேச்சு. விசாரித்துச் சொல்லும்படி அரசர் தம் படைத்தலைவர் கொற்றனை அனுப்பியிருந்தார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். குற்றமில்லை என்று சொல்லிவிட்டால், அந்தக் கைதிகள் கோட்டைத் தலைவன் வயிரவன் கையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மருதி அம்மை ஆற்றங்கரைக் குடிலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவி. வயதில் கொற்றனைவிட இளையவர். ஆனாலும் படையையே நடுங்க வைக்கும் அந்த மனிதர் அம்மை முன்னால் மட்டும் தரையில்தான் உட்காருவார்.

"யாருப்பா பொய் சொல்றது?"

"கைதிங்கதான். ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டேன். 'எங்களை யாரும் தொடல, ராசா மாதிரி வச்சிருக்காங்க'ன்னு எல்லாரும் ஒரே பாட்டு. எண்ணெய் தேய்ச்சுவிட்டு, புது வேட்டி கட்டி நிறுத்தியிருக்கான் வயிரவன். கைதியைப் பார்க்கப் போனேனா, மாப்பிள்ளை பார்க்கப் போனேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அம்மை சிரித்துவிட்டார்.

"சத்தியம் வாங்கினியா?"

"வாங்காமலா? படை வழக்கப்படி வாள்மேல கை வைக்கச் சொல்லித்தான் கேட்டேன்."

"யார் வாள்?"

"எந்தக் கோட்டையோ அந்தக் கோட்டைத் தலைவனோட வாள். பாட்டன் காலத்து வழக்கம்."

அம்மை கீரையை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

கொற்றன் தலை குனிந்தார். அடிப்பவன் வாள்மேலேயே கை வைத்து அவனுக்கு எதிராக யார் பேசுவார்கள்? இத்தனை படை நடத்தியும் இது தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"சரி. என் வாளை வைக்கிறேன்."

"உன் வாள் வெட்டாதா?"

"அப்ப நான் என்னதான் பண்றது அம்மா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? பயந்துபோன மனசுல இருந்து எதை மொள்றது?"

அம்மை எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து ஓர் அகப்பையைக் கொற்றன் கையில் கொடுத்தார்.

"கேட்காதே" என்றார். "ஊத்து."

மறுநாள் காலை, வயிரவனையும் அவன் ஆட்களையும் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார் கொற்றன். தம் வாளையும் கழற்றி வெளியே கொடுத்தனுப்பினார்.

கஞ்சி காய்ச்ச வைத்து, கைதிகளை முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்தார். ஆளுக்கொரு கலயம். தாமே குனிந்து ஊற்றினார். பழக்கமில்லாத வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கஞ்சி சிந்திக் காலைச் சுட்டது. ஒரு கைதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது; பயந்து அடக்கிக்கொண்டான்.

கொற்றன் ஒன்றுமே கேட்கவில்லை.

அவர்கள் ஆவலாகத்தான் குடித்தார்கள். ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் பாதியோடு நிறுத்திவிட்டுக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கொற்றனுக்கு மனசு சுருங்கிப்போயிற்று.

"உப்புப் பத்தலையா?"

நரைத்த தாடிக்காரர் ஒருவர் கொற்றனின் வெறும் இடுப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. மிச்சத்தைக் கீழ கொண்டுபோய்க் கொடுக்கலாமா?"

"கீழயா? கீழ யாரு?"

"தானியக் குழியில எங்க பசங்க இருக்காங்க. புது வேட்டி கட்டிவிட்டாலும் அவங்களால நிக்க முடியாது ஐயா. அதான் உங்க கண்ணுல காட்டல."

கொற்றனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டைச் சுருட்டித் தோளில் போட்டு, பானையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"உங்க கஞ்சியை நீங்க முழுசாக் குடிங்க" என்றார். "அவங்களுக்குப் பானையில இருக்கு. வழி மட்டும் காட்டுங்க, பெரியவரே."