அடுப்போரம் வைத்த துலிப்

சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இப்போதே கொட்டட்டும்.

வடக்கே பனிமலையில் ஒரு மடம். அங்கே அடுப்புப் புகை மேலே போகும்போதே கம்பாக உறைந்துவிடும். அதில்தான் கோவணம் காயப்போடுவார்கள்.

அந்த மடத்தில் குழந்தைவேலு என்று ஒரு சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். ஒரே மகள் செங்கமலத்தை வெயில் ஆகாது, காற்று ஆகாது என்று வாசல் தாண்டவிடாமல் வளர்த்தவர். ஒருநாள் அவள் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டாள்.

வருஷங்கள் கழித்து, ஓர் ஐப்பசியில், அவளிடமிருந்து ஒரு பை துலிப் பூக்கிழங்கு வந்தது. கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரன் சொன்னான்: "பனி விழுறதுக்கு முன்னாடியே மண்ணுல வைக்கச் சொன்னாங்க. வசந்தத்துல பூத்ததும் சொல்லி அனுப்பணுமாம். பாக்க வருவாங்களாம்."

குழந்தைவேலு பையை மார்போடு அணைத்துக்கொண்டார். இந்தப் பனியிலா? கிழங்குகளைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தார். குளிர்காலம் முழுக்கத் தரையில் சாம்பலால் பாத்தி வரைந்தார். "சிவப்பு இந்தப் பக்கம். மஞ்சள் அந்தப் பக்கம். செங்கமலம் நிற்க இங்கே ஓர் இடம்." குரு அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார்.

பனி உருகியதும் நட்டார். இலை வந்தது. இலைதான் வந்தது.

"சாமி, குளிரை அண்டவே விடவில்லையே! பிறகேன் பூக்கவில்லை?"

குரு அவரை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனார். எருக்குழி ஓரம் ஒற்றைத் துலிப், சிவப்பாய்.

"இது ஏது சாமி?"

"உம் பையில் திருடியது. ஐப்பசியிலேயே புதைத்துவிட்டேன். விழுந்த பனியெல்லாம் இதன் தலையில்தான். குளிரில் கிடந்தால்தான் இது பூக்கும்."

"அப்போதே எனக்குச் சொல்லக்கூடாதா?"

"உம் மகள் சொன்னாளே."

குழந்தைவேலு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பூவைத் தொட்டபடி கேட்டார்: "இந்த ஒன்றை வைத்து, பூத்துவிட்டது என்று சொல்லி அனுப்பட்டுமா?"

"பூக்கவில்லை என்று சொல்லி அனுப்பும்" என்றார் குரு. "ஏன் என்பதையும்."

மறுபடி மலையேறி வந்திருந்த கழுதைக்காரன், இறங்கும்முன் சேதிக்காகக் காத்து நின்றான். குழந்தைவேலு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் வேண்டாம். செங்கமலம் காதுக்குப் போய்விட்டால், அப்பன் சொல்ல வேண்டியதை நான் சொன்னதாக ஆகிவிடும்.