யானையை இளைக்க வைத்தவன்

ஆரணி அரிசி ஆலை முதலாளி ஏகாம்பரத்தின் வீட்டில் நாய்கூட அதட்டலாகத்தான் குரைக்கும் என்பார்கள். அவர் மகள் சுடர்க்கொடியைப் பெண் கேட்டு, தாய்மாமனோடு வந்து உட்கார்ந்தான் வேந்தன். வீட்டில் இருந்தபடியே பல கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஃப்ரீலான்சர் அவன்.

“ஆபீஸ் இல்லை, மேலதிகாரி இல்லை. அப்போ வேலையும் இல்லைன்னுதானே அர்த்தம், தம்பி? உங்களை வேலை வாங்குறவர் ஒருத்தரை இப்பவே என் முன்னாடி நிறுத்துங்க. முடியலைன்னா காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க” என்றார் ஏகாம்பரம்.

தாய்மாமன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். வேந்தன் நிதானமாகக் காபியை ஆற்றினான்.

“அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கார், ஐயா. உங்க அரிசி மூட்டையில இருக்கிற யானையை அச்சகத்துக்காரர் மூலமா நீங்க சொல்லச் சொல்ல வரைஞ்சது நான்தான். சிரிக்கணும்னீங்க, சிரிக்க வெச்சேன். பல்லைக் காட்டுதுன்னீங்க, வாயை மூடினேன். தொப்பையா இருக்குன்னீங்க, பட்டினி போட்டு இளைக்க வெச்சேன். தீபாவளிக்குக்கூட நீங்க லீவு விடலை. உங்களைவிடக் கறாரான மேலதிகாரி எந்த ஆபீஸ்ல இருக்கார்?”

ஏகாம்பரம் ஊரெல்லாம் பெருமையாகக் காட்டிய யானை அது.

சுடர்க்கொடி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்களையே தாக்குப் பிடிச்சிருக்கார்ப்பா. என்கிட்ட கஷ்டப்பட மாட்டார். பேசி முடிங்க!”