செண்பகம் எழுந்து நின்ற படகு

படகுத்துறை அமலியைப் பேராசிரியர் மாசிலாமணி "குருவே" என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்தாறு வயதில் அவளிடம்தான் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார். அவளுக்கு நாற்பது.

"குருன்னு சொல்லாதீங்க சார். வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். படகு இன்னும் வட்டமாத்தான் போகுது" என்பாள்.

பல்கலைக்கழக நகரின் ஆற்று உலாவைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். முதல் படகுத்துறை கட்டியது, அது வெள்ளத்தில் போனது, கடைசிப் பரீட்சை முடிந்த மாலையில் மாணவர்கள் படகேறும் வழக்கம், எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு தாளை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

அன்று மாலை அமலி துடுப்புப் போட, படகு நடு ஆற்றுக்கு வந்ததும், "குருவே, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

பக்கத்துப் படகில் ஒரு மாணவன் செல்போனோடு எழுந்தான்.

"டேய், செண்பகம் மாதிரி எழுந்து நிக்காதே!" என்று அந்தப் படகுக்காரர் அதட்டினார். படகு முழுக்கச் சிரிப்பு.

செண்பகம், முப்பத்தாறு வருடங்களுக்கு முன் ஓடும் படகில் எழுந்து நின்று, அதைக் கவிழ்த்து, தானும் மூழ்கிப்போன மாணவி. போலீஸ் அப்படித்தான் எழுதியிருந்தது. துறையில் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லித்தான் எச்சரிப்பார்கள்.

"அவ எழுந்திருக்கல. நாந்தான் எழுந்து ஆடினேன். போலீஸ் கேட்டப்ப அவ பேரைச் சொல்லிட்டேன்" என்றார் பேராசிரியர்.

அமலி துடுப்பை நிறுத்தினாள்.

"படகுல வேற யாரு?"

"என் சிநேகிதன். நான் சொன்னதையே சொன்னான். போன வருஷம் செத்துட்டான்."

படகு கொஞ்ச தூரம் தானாகப் போயிற்று.

"பதினெட்டு வருஷமா நானும் 'செண்பகம் மாதிரி நிக்காதே'ன்னு சொல்றேன் சார். சிரிச்சுக்கிட்டே சொல்றேன்."

"தெரியும். அதைக் கேட்டுக்கிட்டேதான் உங்ககிட்ட வந்துக்கிட்டிருந்தேன்." அவர் தாளை நீட்டினார். "நடந்ததை இதுல எழுதியிருக்கேன். புத்தகத்துல சேக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

அவள் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

"தங்கச்சி. ரயிலடித் தெருவுல தையல் கடை வெச்சிருக்காங்க. ஆத்துப் பக்கமே வரமாட்டாங்களாம்."

"ஏன்?"

பக்கத்துப் படகில் யாரோ மறுபடியும் செண்பகம் என்றார்கள். மறுபடியும் சிரித்தார்கள்.

அமலி படகைத் திருப்பினாள். துறைக்கு அல்ல, எதிர்க்கரைக்கு. அங்கே படிகள் கிடையாது, சேறுதான்.

"இறங்குங்க சார். மேல ஏறினா ரயிலடித் தெரு."

"புத்தகம்?"

"அது நாளைக்குத்தானே?"

முழங்கால்வரை சேற்றில் நின்றபடி அவர் திரும்பிப் பார்த்தார். "அவங்க என்னை மன்னிப்பாங்களா, குருவே?"

"மன்னிப்புக் கேக்காதீங்க. அந்தப் பாரத்தையும் அவங்க தலையில வைக்காதீங்க. நாந்தான் எழுந்து நின்னேன்னு மட்டும் சொல்லுங்க."