சோலகூட் என்றொரு குடும்பப் பெயர்

கடல் கடந்து போன தமிழர்களின் குடும்பப் பெயர்களுக்குப் பூர்வீகம் தேடித் தருவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன்; அலுத்துவிட்டது. கடிதம் எழுதுகிற எல்லோருக்கும் தங்கள் பெயருக்குப் பின்னால் ஓர் அரண்மனை இருந்தாக வேண்டும். பெரும்பாலும் இருப்பது காது மந்தமான ஒரு குமாஸ்தாதான். இந்தக் கதையிலும் அப்படி ஒருவர் உண்டு. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் விடை சொல்ல வேண்டியது நீங்கள்.

1889, சித்திரை மாதம். சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தோட்டக் கூலிக்கு ஆள் ஏற்றும் கொட்டகை. ஆத்தூர்ப் பக்கத்துப் பாவாயி வரிசையில் நிற்கிறாள். வயிற்றில் நாலு மாதம். புருஷன் பொங்கல் கழிந்து கிளம்பிய கப்பலில் போய்விட்டான். அவன் இருக்கும் இடத்துக்கே போக வந்திருக்கிறாள்.

"புருஷன் பேரென்ன?" என்றார் குமாஸ்தா.

"சொல்லக்கூடாதுங்க."

"பேர் தெரிஞ்சாத்தானே எந்த ஊருக்குப் போனான்னு பார்க்கலாம்?"

"சொல்லக்கூடாதுங்க."

ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்காகச் சொல்லியிருப்பார். யாரும் இல்லை. குமாஸ்தா காதில் விழுந்ததையே புருஷன் பெயராக எழுதி, அன்று கிளம்பிய கப்பலில் அவளை ஏற்றிவிட்டார். அது மொரீஷியஸ் கப்பல். புருஷன் போனதோ தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்கு. அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

'சொல்லக்கூடாது' மொரீஷியஸ் பதிவேட்டில் 'சோலகூட்' ஆயிற்று. பாவாயியின் மகன் வேங்கடசாமி சோலகூட். இன்று அந்தப் பெயரில் மொரீஷியஸில் நாற்பத்தொரு வீடு, ரீயூனியன் தீவில் ஒன்பது, பாரிஸில் நாலு, மெல்பர்னில் இரண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பேசுவது கிரியோல், பிரெஞ்சு, இங்கிலீஷ். தமிழில் மிச்சம் இருப்பது இரண்டே. ஒன்று, தைப்பூசக் காவடியில் பாவாயி தொண்டை கிழியக் கூவி, இவர்களும் கூவுகிற "வேல் வேல்". மற்றது, அரிசி அளக்கும்போது எண்ணும் எண்கள். அந்த எண்ணிக்கையும் ஒழுங்கில்லை. "நாலு, அஞ்சு, அடுத்தது, ஏழு" என்பார்கள், பாரிஸிலும் மெல்பர்னிலும்கூட. வேங்கடசாமியின் மகள் சிவகாமி சிறு வயதில் வகுப்பில் இப்படி எண்ணித் தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறார். "எங்க ஆயா இப்படித்தான் எண்ணும்" என்று அழுதாராம்.

போன வருஷம் சிவகாமி அம்மாளுக்கு எண்பத்தெட்டு. நேட்டாலில் ஒரு கரும்புத் தோட்டத்துப் பழைய இடுகாட்டை வீடு கட்டுவதற்காகச் சமன்படுத்தப் போகிறார்கள் என்று நான்தான் அவருக்கு எழுதினேன். ஒரு குடும்பம் ஒரு குழியை மட்டும் தோண்டி எடுத்துப் போகலாம். மிச்சத்தை வெள்ளிக்கிழமை புல்டோசர் பார்த்துக்கொள்ளும். பொங்கல் கழிந்து கிளம்பிய அந்தக் கப்பலில் ஆத்தூரிலிருந்து போய், யாருமில்லாமல் செத்து அங்கே கிடப்பவர்கள் மூன்று பேர். தகரப் பலகைகளில் பெயர் இருந்தது: வேலன், எல்லமலை, ஆர்மூகம். எழுத்து அங்கத்திய குமாஸ்தாவின் கைவண்ணம்.

தாத்தாவை மொரீஷியஸ் கொண்டுபோய் ஆயாவின் பக்கத்தில் வைக்க வேண்டும், தான் கண்ணை மூடுவதற்குள். சிவகாமி அம்மாளுக்கு வேறு ஆசை இல்லை. வியாழக்கிழமை மகள் வாசந்தியோடு வந்து இறங்கினார். நானும் கூடப் போனேன். அவர்கள் பேசியதை நம் தமிழில் தருகிறேன்.

"வேலன்தான்" என்றாள் வாசந்தி. "வருஷா வருஷம் வேல் வேல்னு கத்தினது சும்மாவா?"

பாரிஸிலிருந்து அவள் தம்பி போனில் மறுத்தான். "எல்லமலைதான் அக்கா. பிள்ளைக்கு வேங்கடசாமின்னு பேர் வெச்சாங்களே, அந்த மலையை நினைச்சுத்தானே?"

இடுகாட்டுக் காவலாளி கோவேந்தருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. "ஆர்மூகத்தை எடுங்க ஆண்ட்டி. ஓரத்துல இருக்கு, தோண்ட சுலபம்."

சிவகாமி அம்மாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "தப்பான ஆளைக் கொண்டுபோய்ப் பக்கத்துல படுக்க வெச்சா, ஆயா என்னை மன்னிக்குமா?" என்றார்.

நான் அவரிடம், "ஒரு தடவை பத்து வரைக்கும் எண்ணுங்கம்மா" என்றேன். களைப்போடு எண்ணினார். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். பாவாயியின் புருஷன் யார்? மூன்று பேரில் யார் சொன்னது சரி?

விடை: காவலாளி சொன்னதுதான் சரி, காரணம்தான் தப்பு. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அந்தப் பெயரில் ஒலிக்கும் சொல்லையும் வாயில் எடுக்க மாட்டார்கள். அவன் வேலனாக இருந்தால் பாவாயி "வேல் வேல்" என்று கூவியிருக்க மாட்டாள். எல்லமலை என்பது ஏழுமலை. அவனாக இருந்தால் 'ஏழு' அவள் எண்ணிக்கையில் வந்திருக்காது. அவள் தாண்டிப் போனது 'ஆறு' ஒன்றைத்தான். ஆகவே ஆர்மூகம் என்ற ஆறுமுகம். நூற்று முப்பத்தைந்து வருஷமாக, நாலு சீமையில், அரிசி அளக்கும் ஒவ்வொரு வீடும் அவன் பெயரைச் சொல்லாமலே காப்பாற்றி வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை, எலும்போடு வைக்க அந்தக் குழியின் மண்ணைச் சிவகாமி அம்மாள் பிடி பிடியாக எண்ணிப் பானையில் போட்டார். அஞ்சு என்றதும் கை நின்றது. "இனிமே ஆறுன்னு சொல்லலாம்மா" என்றாள் வாசந்தி. "ஆயாவே சொல்லலை, நான் எப்படிச் சொல்றது?" என்ற அம்மாள், "அடுத்தது" என்று சொல்லி இன்னொரு பிடி அள்ளினார்.